ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

வீடியோ கேம் வாங்குகிறவர்களிடம் ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது. விலையை மேலே போடு, முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைக் கீழே போடு. வருகிற எண் சின்னதாக இருந்தால் வாங்கு, பெரிதாக இருந்தால் விட்டுவிடு. எந்த கேம் முடிய எவ்வளவு நேரமாகும் என்று ஆடியவர்களிடம் கேட்டுத் தொகுத்துவைக்க 'ஹவ் லாங் டு பீட்' என்று ஒரு தளமே இருக்கிறது. கணக்குப் போட இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இந்தக் கணக்கில் தோற்றுப்போகிற கேம்களில் ஒன்று 'வெண்பா'. 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. டொரான்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்கிற சின்னக் குழு செய்தது. 1980களில் இந்தியாவிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதி. அங்கே வளரும் அவர்கள் மகன் கவின். இவர்களுக்கு நடுவே அழிந்தும் கிழிந்தும் போன ஒரு சமையல் புத்தகம். நாம் செய்ய வேண்டியது சமைப்பது. விலை 15 டாலர். நிதானமாக ஆடினாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்றைய டாலர் மதிப்பில் அப்படியே மாற்றினால் 1,200 ரூபாயைத் தாண்டும். மணிக்கு 800 ரூபாய். 2015இல் வந்த 'விட்சர் 3'இல் கதையை மட்டும் ஓட்டினாலே 50 மணி நேரம் போகும்; தள்ளுபடி நாட்களில் அது இதைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கும். "நம்ம கதைதான், ஆசையாத்தான் இருக்கு. ஆனா ஒன்றரை மணி நேரத்துக்கு இவ்வளவா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அந்த வகுத்தல் கணக்கையே கொஞ்சம் விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மணி நேரத்தை வைத்து கேமை மதிப்பிடுவது ஏதோ இயற்கை விதி மாதிரி நம் பேச்சில் வருகிறது. ஐம்பது வருட வரலாற்றைப் புரட்டினால் வேறு படம் தெரிகிறது. ஒரு கேம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது, காசு எந்த வழியாகக் கைமாறியது என்பதுதான். வழி மாறும்போதெல்லாம் நீளமும் மாறியிருக்கிறது.

காசு விழும் பெட்டி

1972. கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஆண்டி கேப்ஸ் டேவர்ன் என்று ஒரு மதுக்கடை. அட்டாரி நிறுவனத்தில் ஆலன் ஆல்கார்ன் உருவாக்கிய 'பாங்' பெட்டியைச் சோதனைக்காக அங்கே வைத்திருந்தார்கள். கொஞ்ச நாளில், பெட்டி வேலை செய்யவில்லை என்று கடையிலிருந்து ஃபோன் வந்தது. ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால் மின்சாரக் கோளாறு எதுவும் இல்லை. உள்ளே காசு நிரம்பிப்போய், அடுத்த காசு விழ இடமில்லாமல் இருந்தது. ஒவ்வொன்றும் 25 சென்ட்.

வீடியோ கேம் ஒரு வியாபாரமாக வேர்பிடித்தது இந்த மாதிரிக் காசுப் பெட்டிகளில்தான். அந்தப் பெட்டிக்கு ஒரு தர்மம் உண்டு. ஒருவன் சீக்கிரம் தோற்க வேண்டும். தோற்றால்தான் அடுத்த காசு விழும். ஆனால் ரொம்பச் சீக்கிரம் தோற்கவும் கூடாது. "சே, இன்னும் கொஞ்சம் இருந்தா ஜெயிச்சிருப்பேன்" என்று அவன் பாக்கெட்டுக்குள் கைவிட வேண்டும். அந்த அளவுக்குத் தோற்க வேண்டும்.

1978இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இந்தத் தர்மத்தைத் தற்செயலாகக் கண்டுபிடித்தது. திரை முழுக்க வேற்றுக்கிரகப் பிராணிகள் இருக்கும்போது அத்தனையையும் வரைய அந்தக் கால சிப்பு திணறியது. நாம் சுடச்சுட எண்ணிக்கை குறையும். வரைய வேண்டியது குறைவதால் மீதி இருப்பவை வேகமெடுக்கும். நிஷிகாடோ அதைப் பழுதென்று சரிசெய்யவில்லை, அப்படியே வைத்துக்கொண்டார். ஜெயிக்க ஜெயிக்கக் கஷ்டமாகும் விளையாட்டு அப்படித்தான் வந்தது. கடைசிப் பிராணி பாய்ந்து வரும் வேகத்தில்தான் அடுத்த காசு இருந்தது.

1985இல் அட்டாரியின் 'கான்ட்லெட்' இன்னும் வெளிப்படையாக இறங்கியது. அதில் நம் பாத்திரத்தின் உயிர் ஒரு எண். யாரும் அடிக்காவிட்டாலும் சும்மா நின்றாலே அது குறைந்துகொண்டே வரும். காசு போட்டால் ஏறும். கதை, மந்திரவாதி, வாள் எல்லாம் மேலே போர்த்திய துணி. அடியில் ஓடியது ஒரு மீட்டர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு கேம் இத்தனை மணி நேரம் என்று சொல்லவே முடியாது. புதிதாக வந்தவனுக்கு ஒரு காசு ஒரு நிமிடம். கை தேர்ந்தவனுக்கு அதே காசு ஒரு மணி நேரம். சுற்றிலும் கூட்டம் வேறு நிற்கும். ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு என்பது ஆடுகிறவனுக்குத் தகுந்தபடி மாறியது. பெட்டியில் எழுதி ஒட்டக்கூடிய எண்ணாக அது இருக்கவில்லை.

நாற்பது கிலோபைட்டில் மூன்று மாதம்

கேம் வீட்டுக்குள் வந்ததும் காசுப் பெட்டியின் தர்மம் தலைகீழானது. இப்போது காசு ஒரே தடவைதான் விழும், அதுவும் முன்கூட்டியே. கார்ட்ரிட்ஜுக்குள் சிப்பு, அதைச் செய்ய ஆலை, அட்டைப்பெட்டி, லாரி, கடைக்காரர் பங்கு என்று எல்லாம் சேர்ந்து விலை ஏறியது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிறந்தநாளுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று. அந்த ஒன்று மாதக்கணக்கில் தாங்க வேண்டும். ஆனால் சிப்பில் இடமோ இல்லை.

1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தமும் 40 கிலோபைட். இன்றைக்கு ஃபோனில் எடுக்கிற ஒரு சாதாரணப் படம் அதைப்போலப் பல மடங்கு. இடத்தை மிச்சம் பிடிக்க, வானத்தில் இருக்கும் மேகத்தையே பச்சை நிறம் மாற்றித் தரையில் புதராக வைத்தார்கள். அந்த கேமைக் கரைத்துக் குடித்தவர்கள் குறுக்கு வழிக் குழாய்களில் புகுந்து ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். அதாவது, உலகத்தின் மிகப் பிரபலமான கேம்களில் ஒன்று உண்மையில் ஐந்து நிமிட கேம். மீதி மாதங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன? விழுந்ததிலிருந்து வந்தன. மூன்று உயிர், ஆட்டத்தைச் சேமித்துவைக்க வசதி கிடையாது, தோற்றால் திரும்ப முதலிலிருந்து. நீளம் என்பது கேமுக்குள் இல்லை, நம் தோல்விகளில் இருந்தது.

அமெரிக்காவில் இதற்கு நடுவே இன்னொருவர் வந்தார்: வாடகைக் கடைக்காரர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில டாலர் கொடுத்து எடுத்துப் போய் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிட்டால், அப்புறம் யார் முழு விலை கொடுத்து வாங்குவார்கள்? 1989இல் நின்டெண்டோ, பிளாக்பஸ்டர் மீது வழக்குப் போட்டது. ஆனால் கேமை வாடகைக்கு விட்டதற்காக அல்ல. கூட வரும் கையேட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததற்காக. அதற்குமேல் சட்டத்தில் பிடி கிடைக்கவில்லை. 1990இல் அமெரிக்கா கம்ப்யூட்டர் மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடைசெய்தபோதும் வீட்டு வீடியோ கேம்களுக்கு விலக்குக் கொடுத்தது. சட்டம் கைவிட்டதை வடிவமைப்பில் சரிசெய்ய ஆரம்பித்தார்கள்.

கொனாமியின் 'கான்ட்ரா: ஹார்ட் கார்ப்ஸ்' 1994இல் வந்தது. ஜப்பானியப் பதிப்பில் ஓர் உயிருக்கு மூன்று அடி தாங்கலாம். அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடி, ஆள் காலி. ஜப்பானில் கேம் வாடகைத் தொழிலுக்குச் சட்டம் இடம்கொடுக்கவில்லை, அமெரிக்காவில் கொடுத்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும். அதே வருடம் வந்த 'லயன் கிங்' கேமின் இரண்டாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டு அழுத பிள்ளைகள் ஏராளம். வாடகை நாட்களுக்குள் முடித்துவிட முடியாதபடி அதை வேண்டுமென்றே கடினமாக்கினோம் என்று, அதை உருவாக்கிய வெஸ்ட்வுட் ஸ்டுடியோஸின் லூயிஸ் காசில் பின்னாளில் சொன்னார். ஒரு தலைமுறை தன் கையாலாகாத்தனம் என்று நினைத்து வருந்திய ஒன்று, வாடகைக் கடையோடு நடந்த சண்டையில் சிதறிய கல்.

நம் ஊரில் இதற்கெல்லாம் வேறு கணக்கு. டிவியில் சொருகுகிற கேமோடு '9999 இன் 1' என்று ஒரு கார்ட்ரிட்ஜ் வரும். எண்ணிப் பார்த்தால் பத்து இருபது கேம்தான். அவையே பெயர் மாறி, நிறம் மாறித் திரும்பத் திரும்ப வரும். ஆனாலும் 999 இன் 1 வைத்திருந்தவனைவிட 9999 இன் 1 வைத்திருந்தவனுக்குத் தெருவில் மதிப்பு அதிகம். அப்புறம் பிளேஸ்டேஷன் வைத்து மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய கடைகள், பிரவுசிங் சென்டர்கள். அரை மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்து உட்கார்ந்தால், கேம் எந்த இடத்தில் இருந்தாலும் அண்ணன் வந்து, "டைம் ஆச்சுப்பா" என்று தோளைத் தட்டுவார். என் வயதுக்காரர்களில் நிறைய பேர் கேமைச் சொந்தமாக வாங்குவதற்குப் பல வருடம் முன்பே நேரத்தை வாங்கிப் பழகியவர்கள். மணிக்கு எவ்வளவு என்று இன்றைக்கும் மனசு தானாகக் கணக்குப் போடுவதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கடையில் அது சரியான கணக்கும்கூட.

நீளமே விளம்பரம்

தொண்ணூறுகளின் நடுவில் சிடி வந்ததும் இடப் பிரச்சினை தீர்ந்தது. ஒரு சிடியில் 650 மெகாபைட். மாரியோவைப்போல பதினாறாயிரம் கேம்களை அதில் அடுக்கலாம். 1997இல் 'ஃபைனல் ஃபேண்டஸி 7' மூன்று சிடிகளில் வந்தது. இப்போது நீளத்துக்குத் தோல்வி தேவையில்லை, உள்ளடக்கத்தாலேயே நீட்டலாம். இத்தனை மணி நேரம், இவ்வளவு பெரிய வரைபடம் என்பதெல்லாம் பெருமையாகச் சொல்லப்படும் விஷயங்களாயின. பத்திரிகை விமர்சனங்களும் நீளத்தை ஒரு தகுதியாகக் குறிப்பிட்டன. நாம் இன்று போடும் வகுத்தல் கணக்கு முழு உருவம் பெற்றது இந்தக் காலத்தில்தான். கேம் என்றால் பெட்டியில் வரும், பெட்டிக்கு ஏறக்குறைய ஒரே விலை, அந்த விலைக்குள் யார் அதிகம் அடைத்துத் தருகிறார்கள் என்பதுதான் போட்டி. எல்லா மூட்டையும் ஒரே விலையென்றால் எடை போட்டுத்தானே வாங்குவோம்?

பெட்டி ஒழிந்தபோது இந்த ஏற்பாடு ஆட்டம்கண்டது. இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம் என்றான பிறகு, சின்ன கேமைச் சின்ன விலைக்கு விற்க முடிந்தது. ஆனால் எது சின்ன விலை?

2007இல் வால்வ் நிறுவனம் 'போர்ட்டல்' வெளியிட்டபோது அதைத் தனியாக முன்னிறுத்தத் துணியவில்லை. 'ஆரஞ்ச் பாக்ஸ்' என்ற தொகுப்பில், பெரிய கேம்களுக்கு நடுவே ஒன்றாக வைத்தது. மூன்று நான்கு மணி நேர கேம். அந்தத் தொகுப்பை நினைவுகூர்கிறவர்கள் இன்று முதலில் சொல்வது அதன் பெயரைத்தான். அடுத்த வருடம் ஜோனதன் ப்ளோவின் 'பிரெய்ட்' 15 டாலருக்கு வந்தது. எக்ஸ்பாக்ஸில் அந்த மாதிரி கேம்கள் 10 டாலருக்குக் கிடைத்துவந்த காலம். ஐந்தாறு மணி நேரத்துக்கு 15 டாலரா என்று பெரிய சண்டை. ப்ளோ மூன்று வருடத்துக்கு மேல் உழைத்து, சொந்தப் பணம் இரண்டு லட்சம் டாலர் அளவுக்குப் போட்டிருந்தார் என்பது அந்தச் சண்டையில் யார் கணக்கிலும் வரவில்லை. வாங்குகிறவர் கணக்கில் அது வர வேண்டிய அவசியமும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கஷ்டப்பட்டுச் செய்தார் என்பதற்காக யாரும் எதையும் வாங்குவதில்லை.

2012இல் 'ஜர்னி', இரண்டு மணி நேரம், 15 டாலர். பாலைவனத்தில் ஒரு மலையை நோக்கி நடக்கிறோம். வழியில் முகம் தெரியாத இன்னொரு ஆட்டக்காரர் சேர்ந்துகொள்கிறார். பேச வசதி இல்லை, ஒரு சின்ன ஒலி எழுப்பலாம், அவ்வளவுதான். அதன் இசைத்தொகுப்பு, வீடியோ கேம் இசைத்தொகுப்புகளில் முதன்முதலாக கிராமி பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. 2013இல் 'கான் ஹோம்', 20 டாலர், இரண்டு மணி நேரம். ஆளில்லாத வீட்டில் அறை அறையாக நடந்து, தங்கைக்கு என்ன ஆயிற்று என்று கடிதங்களிலும் இழுப்பறைகளிலும் தேடுவதுதான் மொத்தமும். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், வாங்கியவர்களில் ஒரு பகுதி கொதித்தது. இந்த வகைக்கு 'வாக்கிங் சிமுலேட்டர்' என்று பெயர் ஒட்டியது. நடக்கிறதைத் தவிர இதில் ஒன்றுமில்லை என்ற கேலி. கேலியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பழைய புகார் இருக்கிறது: இதில் தோற்க முடியாது. மாரியோ விழுந்து விழுந்து நீண்டதுபோல இது நீளாது. நாற்பது வருடமாகத் தோல்விக்கும் உள்ளடக்கத்துக்கும் காசு கொடுத்தவர்களுக்கு, இரண்டும் இல்லாத ஒன்றின் விலையை எதோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை.

இரண்டு மணி நேரக் கோடு

2015 பிப்ரவரியில் 'தி ஆர்டர்: 1886' வெளிவந்தது. 60 டாலர், முழு விலை. வெளிவருவதற்கு முன்பே ஒருவர் ஆரம்பம் முதல் முடிவு வரை ஐந்து மணி நேரச் சொச்சத்தில் ஆடி யூடியூபில் போட்டுவிட, நீளம் பற்றிய சண்டை பற்றிக்கொண்டது. கேம் நன்றாக இருக்கிறதா என்பது பின்னால் போய்விட்டது.

அதே ஆண்டு ஜூன் 2 அன்று, கம்ப்யூட்டர் கேம்களின் மிகப் பெரிய கடையான ஸ்டீம் ஒரு விதியை அறிவித்தது. வாங்கி 14 நாட்களுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், எந்தக் காரணமும் சொல்லாமல் காசைத் திரும்பப் பெறலாம். இது வாங்குகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டிய உரிமைதான். அதற்கு முன் ஓடவே ஓடாத கேமை வாங்கிவிட்டால்கூட முட்டி மோத வேண்டியிருந்தது. ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2014இல் இதற்காக வால்வ் மீது வழக்கே போட்டது. 2015 கடைசியில் ஸ்டீம் ரூபாயிலும் விற்க ஆரம்பித்தது. என்னைப் போன்றவர்கள் தைரியமாக கேம் வாங்கத் தொடங்கியதற்கு இந்த இரண்டும் காரணம். அதனால் ரீஃபண்ட் விதியைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் விதி என்றால் கோடு எங்கேயாவது விழ வேண்டும். 50 மணி நேர கேமுக்கு இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய். ஒன்றரை மணி நேர கேமுக்கு அது முழுச் சாப்பாடு. சாப்பிட்டு, கை கழுவி, காசையும் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம். 2021 ஆகஸ்டில் எமிகா கேம்ஸ் என்ற பெயரில் தனியாளாக கேம் செய்துவந்த ஒருவர் இதைத்தான் சொன்னார். அவருடைய 'சம்மர் ஆஃப் 58' சுமார் 90 நிமிடம். விமர்சனங்கள் நன்றாக இருந்தன. ஆனாலும் ஏராளமானவர்கள் முடித்துவிட்டு ரீஃபண்ட் வாங்கிவிட்டார்கள். அடுத்த கேம் செய்யப் பணம் வரவில்லை, காலவரையறை இல்லாமல் இந்தத் தொழிலிலிருந்து விலகுகிறேன் என்று அறிவித்தார்.

இதில் எனக்கு உறுத்துவது, சிலர் ஏமாற்றினார்கள் என்பதைவிட, ஒரு நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு மெல்ல மெல்லத் தரத்தின் அளவாக மாறுவது. இரண்டு மணிக்குக் குறைந்தது கேமே இல்லை என்கிற மாதிரி ஒரு நினைப்பு வாங்குகிறவர்களிடம் வருகிறது. செய்கிறவர்களிடமும் வருகிறது: 80 நிமிடத்தில் அழகாக முடிகிற ஒன்றை, நடுவில் ஒரு நீண்ட நடை, ஒரு சாவி தேடல், திரும்பி வா என்று ஒரு வேலை எல்லாம் சேர்த்து 130 நிமிடமாக்கலாம். வாடகைக் கடைக்குப் பயந்து லயன் கிங்கைக் கடினமாக்கினார்களே, அதே கதை. அதில் போனது ஒரு குழந்தையின் வாரக்கடைசி. இதில் போவது நம்முடைய 50 நிமிடம், நாமே காசும் கொடுத்து.

ஒரு நிமிடத்தில் எவ்வளவு

சரி, மணிக்கணக்கு வேண்டாம் என்றால் வேறு எதை வைத்துப் பார்ப்பது? குட்டி கேம்களிடமே இதைக் கேட்கலாம்.

ஜேசன் ரோரர் 2007இல் செய்த 'பேசேஜ்' சரியாக ஐந்து நிமிடம். ஓர் ஒடுங்கிய பட்டையில் இடமிருந்து வலமாக நடக்கிறோம். வழியில் ஒரு பெண் இருக்கிறாள்; சேர்ந்து நடந்தால் சில குறுகிய வழிகளில் நுழைய முடியாது. நடக்க நடக்க முடி நரைக்கிறது. அவள் போகிறாள், பிறகு நாம். முடிந்தது. இதை 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்தது. ஒரு வாழ்க்கை என்ன இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது என்று தோன்றுவதுதான் அதன் பொருளே. பத்து மணி நேரமாக நீட்டினால் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடும்.

2018இல் வந்த 'ஃப்ளாரன்ஸ்' அரை மணி நேரம், ஃபோனில் ஆடலாம். ஃப்ளாரன்ஸ் என்ற பெண்ணுக்கும் கிருஷ் என்ற இந்திய வம்சாவளி செல்லோ கலைஞனுக்கும் காதல். முதல் சந்திப்பில் அவள் பேச வேண்டும் என்றால் பேச்சுக் குமிழியின் துண்டுகளை நாம் பொருத்த வேண்டும்; நிறைய துண்டுகள், தடுமாறுகிறோம். பழகப் பழகத் துண்டுகள் குறைகின்றன, பேச்சு சரளமாகிறது. சண்டை வரும்போது துண்டுகளின் ஓரங்கள் கூர்மையாகின்றன. இதை ஒரு நாவலாசிரியர் பத்துப் பக்கத்தில் சொல்லலாம். இங்கே நம் விரலே அதைக் கற்றுக்கொள்கிறது, சில நிமிடங்களில்.

'வெண்பா'வும் இந்த வழியில் வருவதுதான். முதல் சமையல் இட்லி. புத்தகத்தில் படம் அழிந்திருக்கிறது. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். பிறகு கவின் பீட்சா கேட்கிற வயது வருகிறது, அம்மா புட்டுக்குழாயை எடுக்கிறாள். ரேடியோவில் ஒவ்வொரு காலத்துத் தமிழ்ச் சினிமாப் பாட்டின் சாயலிலும் புதிதாக இசைத்த பாடல்கள் ஓடுகின்றன. வளர்ந்த கவின் அதே புத்தகத்தைத் திறக்கும்போது, நாம் இதுவரை சுலபமாகப் படித்துவந்த பக்கம் அவனுக்குப் புதிராகிறது. அழிந்தது எழுத்தல்ல, அவனுடைய தமிழ். இந்த ஒரு திருப்பத்துக்காகவே அதற்கு முந்தைய அத்தனை சமையலும் தேவைப்பட்டிருக்கிறது என்று அப்போது புரியும். 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதும், சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசும் இதற்குக் கிடைத்தன.

குறை இல்லாமல் இல்லை. புதிர்கள் சுலபம், நம் வீட்டு அடுப்படியில் நின்றவர்களுக்கு மிகச் சுலபம். வருடங்கள் தாவித் தாவிப் போவதால் பாவலனைப் போதுமான அளவுக்குத் தெரிந்துகொள்ள முடியவில்லை. இன்னொரு சமையல், அவர் கையால், இருந்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது. ஒரு குட்டி கேமைப் பார்த்து "இது ஏன் சின்னது?" என்று கேட்பதைவிட, "இதில் எது இல்லாமல் போனது?" என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கிறது. 'வெண்பா'வில் இல்லாமல் போனது 20 நிமிடம். 48 மணி நேரம் இல்லை.

பெயரையும் பாருங்கள். யாப்பில் மிகக் கறாரான வடிவத்தின் பெயர் அது. குறள் வெண்பாவுக்கு இரண்டு அடி, ஏழு சீர். அதை யாரும் பக்கத்துக்கு எத்தனை ரூபாய் என்று கேட்பதில்லை.

சரி, வாங்கலாமா?

குட்டி கேமை ஆதரித்துப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒன்று சொல்வார்கள்: ஒரு சினிமாவுக்கு, பாப்கார்னுக்கு இதைவிட அதிகம் செலவழிக்கிறாய் இல்லையா? எனக்கு இந்த வாதம் பிடிக்காது. சினிமாவுக்குப் போகவே யோசிக்கிறவர்களும் கேம் விளையாடுகிறார்கள். மாதம் ஒரு கேம்தான் வாங்க முடியும் என்ற நிலையில், ஒருவர் 50 மணி நேரம் தாங்குவதை எடுத்தால் அவருக்கு ரசனை இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. கல்லூரி நாட்களில் எனக்கு நேரம் கொட்டிக் கிடந்தது, காசு இல்லை. அப்போது மணிக்கணக்குதான் சரி. இப்போது வேலை முடிந்து வந்தால் இரவில் ஒன்றரை மணி நேரம் கிடைப்பதே பெரிது. பாதியில் நின்றுபோன நூறு மணி நேர கேம்கள் என் கணக்கில் வரிசையாக இருக்கின்றன. வகுத்தல் கணக்குப்படி அவைதான் லாபம். முடிக்காத கேமின் மணிக்கணக்கை எதில் வகுப்பது?

மாதச் சந்தாவில் வரும் கேம்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 'வெண்பா' முதல் நாளே கேம் பாஸிலும் இருந்தது. சந்தா வைத்திருந்தவர்கள் "ஒன்றரை மணி நேரம்தானா?" என்று கேட்கவில்லை, "ஒன்றரை மணி நேரம்தானே, இன்னைக்கே முடிச்சிடலாம்" என்றார்கள். கேம் ஒன்றுதான், நீளமும் அதேதான். காசு போகும் வழி மாறியதும் குறை சிறப்பாகிவிட்டது.

எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கும் கேள்விகள் மூன்று. இதை இன்னும் நீட்டினால் நன்றாகுமா, நீர்த்துப்போகுமா? முழு விலையும் இன்றைக்கே கொடுக்க முடியுமா, அல்லது தள்ளுபடிக்குக் காத்திருக்கலாமா? காத்திருப்பது யாருக்கும் அவமரியாதை இல்லை. முடித்துவிட்டு ரீஃபண்ட் கேட்பதுதான் அவமரியாதை. மூன்றாவது, இதை யாரோடு சேர்ந்து ஆடலாம்?

மூன்றாவதை 'வெண்பா'தான் சொல்லிக்கொடுத்தது. கேம் என்றாலே முகம் சுளிக்கிற என் அம்மா, இட்லி வாசனைக்கு வந்த மாதிரிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புட்டு வந்தபோது, "மாவு இவ்வளவு தண்ணி தாங்காது" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். கவின் படிக்கத் திணறும் இடத்தில் இரண்டு பேரும் பேசவில்லை. எழுந்து போகாமல் கடைசிவரை இருந்தார், ஏனென்றால் கடைசி என்பது ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டது. 50 மணி நேர கேமின் முடிவை நான் இதுவரை யாரோடும் சேர்ந்து பார்த்ததில்லை.

நண்பர்களுக்கு என் பதில் இதுதான். காசு கையில் இருந்தால் வாங்குங்கள், விலைக்குத் தகும். இறுக்கமாக இருந்தால் தள்ளுபடிக்குக் காத்திருங்கள், அது எங்கேயும் ஓடிப்போகாது. எப்போது வாங்கினாலும் ஒரே மூச்சில் ஆடுங்கள், வீட்டில் சமைக்கிறவர் யாரோ அவரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.